அண்ணன் வீட்டில் ஒரு மடக்கு

இந்தத் தொடரில் சென்ற வாரம், என் கணவர் கதிரேசனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததோடு நிறுத்தியிருந்தேன். நுரையீரலில் தண்ணீர் கோத்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் மூச்சுக்குத் தவித்துப் போயிருந்தார்.

காரணம் தெரிந்தபோது டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸில் இருந்த மனிதர் அவர். ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவரும் மூன்று டம்ளருக்கு மேல் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஆனால் குடித்தது எங்கள் வீட்டு டம்ளரில். வெயிலில் தோப்பு வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் டம்ளர் என்றால், சின்னப் பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் எங்கள் மகள் யுவஸ்ரீ, அந்த டம்ளரில் தண்ணீரை நிரப்பி அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தாள். நானூற்றைம்பது மில்லி.

"டாக்டர் சொன்ன டம்ளரு இருநூத்திச் சொச்சமுங்கப்பா. எழுநூறு மில்லி குடிக்க வேண்டிய இடத்துல ரெட்டிப்பாக் குடிச்சிருக்கீங்க."

"டம்ளருன்னாங்க, குடிச்சேன். யாரூட்டு டம்ளருன்னு சொன்னாங்களா?" என்றார் அவர்.

அன்றிலிருந்து வீட்டில் டம்ளர் என்ற பேச்சே ஒழிந்தது. எல்லாம் மில்லி. டீஸ்பூன் என்றால் ஐந்து மில்லி, டேபிள்ஸ்பூன் பதினைந்து, மருந்துக்கு வரும் அவுன்ஸ் மூடி முப்பது என்று யுவஸ்ரீ அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

"அவுன்ஸு எனக்குத் தெரியும் கண்ணு. கல்யாணத்துக்கு முந்தி பிராந்திக் கடையில அதுலதான் அளந்து குடுப்பாங்க" என்றார்.

"கல்யாணத்துக்குப் பொறகும்தானுங்க" என்றேன் நான்.

வீட்டுக்குள் சமாளித்துவிட்டோம். வெளியே போனால்? யுவஸ்ரீக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சுரேந்தருக்கும் அவன் வீட்டாருக்கும் இவருடைய நோய் முழுதாகத் தெரியும். அங்கே எதையும் மறைக்கவில்லை. ஆனால் சொந்தபந்தத்துக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டுமே. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் படியேறினால் முதலில் தண்ணீர்தான் வரும். வாங்கி ஒரு மடக்காவது குடிக்க வேண்டும். குடிக்காமல் எழுந்தால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பாத்திரம். அதையெல்லாம் யார் அளப்பது?

யுவஸ்ரீ இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். பாத்திரத்தை விட்டுவிட்டு அவள் அப்பாவின் மடக்கை அளந்தாள்.

"முழுங்காதீங்கப்பா. குடிக்கற மாதிரி வாயில எடுத்து, இந்தக் குவளையில துப்புங்க."

"ஏங் கண்ணு, மாப்பிள்ள ஊட்டுக்குப் போற வயசுல அப்பனுக்குத் துப்பப் பழக்கறயா?"

"துப்புங்கப்பா."

அவருடைய மடக்கு நாற்பது மில்லி இருந்தது. தாகம் பிடித்த மனிதரின் மடக்கு. அதை ஒரு டேபிள்ஸ்பூன் அளவுக்கு, பதினைந்து மில்லிக்குக் கொண்டுவர ஒரு வாரம் ஆனது. உதட்டைக் குறுக்கி, நாக்கின் நுனியை மேலே ஒட்டி, கொஞ்சமாக உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதை வாயில் ஒரு சுற்று சுற்றி, பிறகுதான் விழுங்க வேண்டும். ஒவ்வொரு மடக்குக்கும் இடதுகை விரல் ஒன்றை மடக்கிக்கொள்வார். கடைசியில் குவளையைப் பார்க்காமலே பதினைந்தில் நிறுத்தினார். தேர்வில் ஜெயித்தவர்போல எங்கள் இருவரையும் பார்த்தார்.

பத்திரிகை வைக்கப் பொள்ளாச்சிப் பக்கம் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். யுவஸ்ரீ தன் தோழி பூஜிதாவின் காரை வாங்கி வந்து தானே ஓட்டினாள். கோயம்புத்தூரைத் தாண்டும்போது, அவர் வேலை பார்த்த பம்பு பட்டறை இருந்த தெருவை எட்டிப் பார்த்தார்.

போக வேண்டிய வீடுகளில் கடைசி வீடு ஆனைமலையில் அவருடைய அண்ணன் அங்கப்பன் வீடு. அந்த ஒரு வீட்டுக்காகத்தான் மற்ற எல்லா வீட்டுக்கும் போனோம் என்றுகூடச் சொல்லலாம்.

ஒன்பது வருடமாக அண்ணன் தம்பிக்குப் பேச்சில்லை. என் மாமியார் எங்கள் வீட்டில்தான் கண்ணை மூடினார். அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுபவர், லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போயிருந்தார். போன் கிடைக்கவில்லை. இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் கோயம்புத்தூரிலேயே மின்மயானத்தில் காரியத்தை முடித்துவிட்டோம். மாமா அன்று சாயங்காலம் வந்து சேர்ந்தார். பெற்றவள் முகத்தைக் காட்டாமல் செய்துவிட்டாயே என்று வாசலிலேயே நின்று கத்தினார். "இனி உன்ற ஊட்டுப் பச்சத் தண்ணி என்ற பல்லுல படாது" என்றார். "உங்க ஊட்டுத் தண்ணியும் எனக்கு வேண்டாம்" என்று இவரும் சொல்லிவிட்டார். துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் இரண்டு பேருமே அதைக் காப்பாற்றினார்கள்.

"பெரியப்பா இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்" என்று யுவஸ்ரீ சொல்லியிருந்தாள். அவர் வருவதென்றால், இவர் போய் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்தாக வேண்டும்.

அதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம், கூடப் பிறந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எனக்குச் சர்க்கரை, என்னுடையது ஆகாது. மகளுடையதை வாங்குவதற்குச் செத்துப்போகலாம் என்று இவர் சொல்லிவிட்டார். மிச்சம் அண்ணன் ஒருவர்தான்.

"ஒம்பது வருசம் திரும்பிப் பாக்காதவன், கிட்னி கெட்டதும் பத்திரிகையத் தூக்கிக்கிட்டு வந்துட்டான்னுதான் நெனப்பாரு" என்றார் காரில். "நாம் பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிடப் போறேன். அது மட்டுந்தான். அங்க டயாலிசிஸு, டாக்டரு, ஒரு பேச்சு வரக் கூடாது. அம்மணி, உனக்குத்தான் சொல்றேன்."

"நான் எதுக்குங்க சொல்றேன்?"

"நீ வாயில சொல்ல மாட்டே. மூஞ்சியில சொல்லிப்போடுவே."

பொள்ளாச்சியில் முதல் வீட்டில் காபி. இரண்டு மடக்கு. அடுத்த வீட்டில் மோர். ஒரே மடக்கோடு, "இப்பத்தானுங்க குடிச்சோம்" என்று தப்பித்தார். இன்னொரு வீட்டில் பாயசம் வந்தது. அவருடையதையும் என்னுடையதையும் சேர்த்து யுவஸ்ரீயே குடித்தாள். "பொண்ணு நல்லாச் சாப்புடுது, மாப்பிள்ள ஊட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு காருக்கு வந்தாள்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கியதும் அவர் கேட்பது ஒன்றுதான். "மிச்சம் எவ்வளவு கண்ணு?"

மத்தியானம் ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். மாத்திரைக்குக்கூட ஒரு மடக்குதான். சாம்பார் வேண்டாம் என்று இரண்டு இட்லியைச் சட்னி இல்லாமல் விழுங்கினார். உதடு வெடித்திருந்தது. எதிரே ஒரு பையன் ஜில்லென்ற சோடாவை அண்ணாந்து குடிப்பதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு மடக்கு குடிக்கலாமுங்கப்பா. இருக்குது" என்றாள் யுவஸ்ரீ.

"வேண்டாம். அண்ணன் ஊட்டுக்கு வையி."

ஆனைமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமா வாசலில் காயப்போட்டிருந்த கொப்பரைத் தேங்காயைக் கோலால் கிளறிக்கொண்டிருந்தார். லாரியை விட்டுவிட்டு ஒரு தேங்காய்க் களத்தில் மேஸ்திரியாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். கார் நிற்பதைப் பார்த்தார். இவர் இறங்குவதைப் பார்த்தார். கையிலிருந்த கோலைக் கீழே போடவில்லை.

"வாங்க" என்று யுவஸ்ரீயைப் பார்த்துத்தான் சொன்னார். "பெரிய பொண்ணாயிட்டே அம்மணி."

உள்ளேயிருந்து என் ஓரகத்தி மயிலாத்தாள் ஓடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாந்தாமணி, வாங்கடா சாமி, வாங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து இவர் நீட்டினார். மாமா அதை வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பத்திரிகையில் தன் பெயர் முதலில் போட்டிருப்பதை நின்ற இடத்திலிருந்தே படித்தார். பிறகு, "ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் சீவிய இளநீர், ஒரு கையில் இரண்டு, ஒரு கையில் ஒன்று.

இளநீர் அவருக்கு ஒரு மடக்குகூட ஆகாது. அதில் உள்ள பொட்டாசியம் உப்பு நேராக நெஞ்சைத் தாக்கும் என்று எச்சரித்திருந்தார்கள்.

"அப்பாவுக்குச் சளி பெரியப்பா" என்றாள் யுவஸ்ரீ.

"சளிக்கு எளநி ஆகாதுன்னு எந்த ஊருல சொன்னாங்க?"

"டாக்டர் சொன்னாருங்க."

"டவுன் டாக்டரு." மாமா இவரைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதல்முறை நேராகப் பார்த்தார். "சரி, எளநி வேண்டாம். அன்னைக்குப் பேசுனது எளநியப் பத்தியில்லையே. பச்சத் தண்ணி. மயிலா, ஒரு செம்புல தண்ணி கொண்டா."

பித்தளைச் செம்பு. கழுத்துவரை தண்ணீர். யுவஸ்ரீ அதைப் பார்த்ததுமே அளந்துவிட்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. முக்கால் லிட்டருக்குக் குறையாது. அவருடைய ஒரு நாள் அளவு முழுவதும் அந்தச் செம்புக்குள் இருந்தது.

இவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார்.

ஒரு மடக்கு. கண்ணை மூடினார். விழுங்கினார். செம்பின் அடியில் ஒரு விரல் மடங்கியது. இன்னொரு மடக்கு. மூன்றாவது, நான்காவது என்று போனது. நாள் முழுவதும் வறண்டு கிடந்த தொண்டை. அந்தக் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, பதினைந்துக்கு மேல் போகாமல் அவர் நிறுத்தியதை நான் ஒருத்திதான் முழுதாக அறிவேன்.

"என்றா இது, கோழியாட்டக் குடிக்கறே?" என்றார் மாமா. "மனசோட குடிக்கறவன் இப்பிடியா குடிப்பான்? செம்பக் கவுத்து முழுசாக் குடி. குடிச்சாத்தான் வந்தேன்னு அர்த்தம்."

இவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, செம்பை மேலே தூக்கினார். முழுசும் குடித்துவிடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துவிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் மயிலாத்தாள் அக்கா குறுக்கே வந்து செம்பின் மேல் கையை வைத்தார்.

"போதுங்க."

"நீ எதுக்குடி நடுவுல வாரே?"

"தண்ணி பல்லுல படோணும்னுதான பேச்சு? பட்டுப்போச்சு. பாத்தேன். தீந்துது." செம்பை இவர் கையிலிருந்து வாங்கி, மீதித் தண்ணீரைத் தானே கடகடவென்று குடித்துக் காலி செய்தார். "நானுங் குடிச்சுட்டேன். இனி யாரும் பேச்செடுக்காதீங்க. அந்தப் பத்திரிகைய வாங்குங்க மொதல்ல."

மாமா தட்டை வாங்கினார். வாங்கும்போது கை தம்பியின் கையில் பட்டது. இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"முகூர்த்தம் எத்தன மணிக்கு?" என்றார்.

"ஆறு டு ஏழரைங்ணா."

"நாங்க மொத நாளே வந்துருவம்."

யுவஸ்ரீ பெரியப்பாவின் காலில் விழுந்தாள். அவர் அவளைத் தூக்கும்போது, "எம்பட அம்மாவாட்டவே இருக்குது மூக்கு" என்றார்.

முருங்கைக்காய் பறித்துத் தருகிறேன் என்று அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார். மரத்தடிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பிக்கு வாரத்துக்கு எத்தன நாளு?"

எனக்குப் புரியாததுபோல் நின்றேன்.

"மறைக்காதே சாந்தாமணி. உடுமலையில என்ற தம்பி ரெண்டு வருசம் இப்பிடித்தான் குடிச்சான். கண்ண மூடி, விரல மடக்கி. தண்ணிய அப்பிடிக் கும்புட்டுக் குடிக்கறவங்க வேற ஆரு இருக்கறாங்க?"

நான் உடைந்துபோனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று அவர் போட்ட கட்டளையையும் சொன்னேன்.

"அக்கா, தயவுசெஞ்சு கல்யாணம் முடியற வரைக்கும் மாமாகிட்டச் சொல்லாதீங்க. இதுக்காக வந்தோம்னு நெனச்சுப்போடுவாரு. இவரு தாங்க மாட்டாருங்க."

"நானாச் சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா. ஒரு காயை ஒடித்து என் முந்தானையில் போட்டார். "ஆனா அந்த மனுசன் நேராக் கேட்டா, பொய்யுஞ் சொல்ல மாட்டேன். இப்பவே செம்ப ஏன் புடுங்குனேன்னு மொறச்சுக்கிட்டுத்தான் நிக்கறாரு."

காரில் ஏறியதும் இவர் கேட்ட கேள்வியே அன்று வேறாக இருந்தது. "எப்பிடிக் குடிச்சேன், பாத்தியா கண்ணு?"

"ஆறு மடக்கு. தொண்ணூறு மில்லி. ஒண்ணுகூட எச்சா இல்லீங்கப்பா."

"ஏழு. நீ ஒண்ண உட்டுட்டே. ஆனா அண்ணன் ஊட்டுத் தண்ணியக் கணக்குல சேக்காதே."

"அதெல்லாம் முடியாதுங்க. நாளைக்கு எடை பாப்பாங்க."

சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதை எழுதும்போது பக்கத்தில் இருந்திருந்தால், இப்போதும் ஏழுதான் என்று என்னோடு சண்டை போட்டிருப்பார்.

ஊரைத் தாண்டி வந்தபோது, மட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே நின்று வழி அடைத்திருந்தது. பின்னால் ஹாரன் சத்தம். ஒரு மொபெட் எங்கள் காரை ஒட்டி வந்து நின்றது. மாமா. செருப்பில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"கதிரு. கண்ணாடிய எறக்கு."

இவர் இறக்கினார்.

"ஒரு நாளைக்கு எத்தன மில்லிடா உனக்கு?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மடியிலிருந்த முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுநூறு பெரியப்பா" என்றாள் யுவஸ்ரீ.

"அந்தச் செம்பு எவ்வளவு புடிக்கும்?"

அவள் சொல்லவில்லை. சொல்லாததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றார்.

"முழுசாக் குடின்னேன். நீயும் தூக்குனயேடா."

"உங்களுக்குத் தெரியாதுல்லீங்ணா."

"தெரியக் கூடாதுன்னுதான வந்தே." அவர் குரல் உயர்ந்தது. "நேராக் கேக்கறேன், நேராச் சொல்லு. இதுக்காகத்தான் வந்தியா?"

இத்தனை மாதமாக என் கணவர் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான்.

"இல்லீங்ணா" என்றார். "இதுனாலதான் வராம இருந்தேன். போன வருசம் ஆடியிலயே கெளம்பி பஸ்ஸேற நின்னேன். அன்னைக்குத்தான் ரிப்போர்ட்டு கைக்கு வந்துது. இப்பப் போனா என்ன நெனப்பீங்கன்னு திரும்பிப் போயிட்டேன்."

டிராக்டர் நகர்ந்தது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. மாமா மொபெட்டைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் இருந்த இளநீர்க் கடையில் நிறுத்தி, சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்து ஏதோ சொன்னார். திரும்பி வந்து, பின்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வண்டிய எடு கண்ணு."

"எங்கீங்க பெரியப்பா?"

"உங்க ஊட்டுக்குத்தான். நாளைக்கு இவனுக்கு டயாலிசிஸாமா. நானும் வாரேன். அந்த டாக்டருகிட்ட எனக்கு ஒண்ணு கேக்கோணும்."

"அண்ணா, எறங்குங்க." தன் அண்ணனிடம் இவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "பத்திரிகை வெக்கத்தான் வந்தேன். நீங்க இப்பிடி ஏறி வந்தா, நாஞ் சொன்னது பொய்யாப் போயிரும். எறங்குங்க."

"எறங்க மாட்டேன்."

பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. யுவஸ்ரீ கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். முன்னால் உட்கார்ந்தவர் கதவுப் பிடியில் கை வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் சீட் பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். என் கணவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். திரும்பவில்லை.

யுவஸ்ரீ காரைக் கிளப்பினாள்.